இரண்டு பக்கமும் கீறிய தாள்

வெக்ஸ்போர்ட்டில் இருந்த படச்சட்டக் கடையில் றஜிதா கண்ணாடி போடாத படம் இல்லை. கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், சாமிப் படம் எல்லாம் அவள் கையால் போனவைதான். ஆனாலும் துவான் என்ற வியட்நாமியர் கொண்டுவந்த பழைய நீர்வர்ண ஓவியம் அவளை வேறு வேலை செய்ய விடவில்லை. அவருடைய அப்பா லோங், யுத்த காலத்தில் போராளிகளோடு காட்டில் திரிந்து படம் வரைந்தவராம். இப்போது மகனோடு விட்பியில் இருக்கிறார்.

யுத்தப் படம் என்றுதான் துவான் சொன்னார். றஜிதா பார்த்தால் ஓர் ஆறு, கரையில் தென்னைகள், நல்ல வெயில். யுத்தம் எங்கே? குனிந்து பார்த்த பிறகுதான், கரையோரம் புதர்போல் தெரிந்தவை இலைகுழையால் மூடிய படகுகள் என்று விளங்கியது.

பழைய சட்டத்தைக் கழற்றிப் பின் அட்டையை மெல்ல உரித்தாள். தாளின் மறுபக்கத்திலும் ஒரு படம், பென்சிலால்.

"டெனிஸ்டன் அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. பின்பக்கமும் கீறியிருக்கு."

கடைக்காரர் எழும்பி வந்தார். படத்தில் கல் அடுப்பும் பானையும் கரிகூட விடாமல் அச்சொட்டாக இருந்தன. அடுப்பின் முன்னால் குந்தியிருந்த பெண்ணுக்கு மட்டும் முகம் இல்லை. தோளோடு கோடு நின்றுவிட்டது.

"பேப்பர் தட்டுப்பாடாய் இருந்திருக்கும்," என்றார்.

"அது சரி அண்ணை. ஏன் பாதியில விட்டவர்? அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"என்னைக் கேட்டால்? கீறின ஆளைக் கேள்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். றஜிதா உடனே துவானுக்குப் போன் எடுத்துவிட்டாள். வன்னியில் ஷெல்லடிக்கு நடுவே உலை வைத்தவர்களோடு வளர்ந்தவள் அவள். பதில் நல்லதாக இராது என்றுதான் நினைத்தாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை துவான் தகப்பனைக் கூட்டிவந்தார். மகனே அந்தப் பக்கத்தைக் கண்டதில்லை. லோங் தாளைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"விமானம் வந்ததாம்," என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னார். "எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினார்களாம்."

"அந்தப் பெண்?"

மகன் கேட்டார். கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

"முதலில் ஓடினதே அவள்தானாம். திரும்பி வந்து பார்த்தால் சோறு கருகிவிட்டது. படம் கீறுகிறேன் என்று மெனக்கெடுத்தினாய் என்று அப்பாவுக்குத்தான் ஏச்சு. அதற்குப் பிறகு இவர் பென்சிலோடு வந்தால் அகப்பையைத் தூக்குவாளாம்."

றஜிதா சிரித்த சிரிப்பில் டெனிஸ்டன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பிறகு அவள் எங்கே போனாள்?"

வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அதற்குமேல் லோங்குக்கும் தெரியாது.

மகன் ஆற்றைச் சுவரில் மாட்ட விரும்பினார். கிழவர் தலையாட்டி மறுத்து, "இவளை மூடாதே," என்று தானே ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, மேசையில் நிற்கிற மாதிரிச் செய்து தருவதாக றஜிதா சொன்னாள்.

அவர்கள் கிளம்பவில்லை. இப்போது லோங்குக்கு ஒரு கேள்வி இருந்தது. றஜிதாவின் ஊரிலும் விமானம் வந்ததா?

"ஓம்," என்றாள் தன்னையறியாமல் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "வந்தது."

"அப்போது உங்கள் அடுப்பில் என்ன இருந்தது?"

அவளிடம் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்தாள்.

"பருப்பு."

லோங் பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குத் தேங்காய்ப்பால் விடுவார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.