மழை லில்லிக்கு ஒரு ஃபைல்

அந்தக் கேமரா பல்லைப் படம் எடுக்க வாங்கியது. கடுகைப் பூசணி அளவுக்குக் காட்டும் லென்ஸ், லென்ஸின் வாயைச் சுற்றி வளையமாக ஒரு ஃபிளாஷ். கடைவாயின் இருட்டு மூலையில் ஒளிந்திருக்கும் சொத்தைகூட அதனிடமிருந்து தப்ப முடியாது. ஆனால் அது கிளினிக்குக்கு வந்து இறங்கிய காலையில், சோதித்துப் பார்க்க ஒரு நோயாளியும் இல்லை. வாசல் தொட்டியில் முதல் மழைக்குப் பூத்த மழை லில்லி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பல் டாக்டர் அதன் முன்னால் மண்டியிட்டு, "ஆ... இன்னும் நல்லா திற" என்றார்.

அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயதில் அந்த அம்மாவுக்குப் பூப்பைத்தியம் பிடித்துவிட்டது.

பக்கத்தில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தவள் அவருடைய உதவியாளர். பத்தொன்பது வருடமாக அந்தக் கிளினிக்கில் இருக்கிறாள். டாக்டர் அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். கொதிநீரில் போட்ட கருவிகளில் ஒன்று குறைந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். மிட்டாயைத் தின்றுவிட்டு, "பல் தேச்சுட்டேன் ஆன்ட்டி" என்று புளுகும் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடிப்பாள். டாக்டர் மேல் அவளுக்கு உயிர். அதைச் சொல்லத் தெரியாததால் நாள் முழுக்க அவரை அதட்டிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சரி, இந்தப் படத்தை எந்த ஃபைல்ல போடறது? கம்ப்யூட்டர் நோயாளி பேரு கேக்குது."

"பேரு மழை லில்லின்னு போடு. வயசு ஒரு நாள்."

"என்ன தொந்தரவு?"

"சொன்ன பேச்சு கேக்காம சீக்கிரமே வாயை மூடிக்கறார்."

இன்ஸ்பெக்டர் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டுதான் எழுதினாள். ஃபோன் நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் ஃபைலைத் திறக்காது என்பதால், டாக்டரின் நம்பரையே போட்டாள்.

அன்று முதல் தினமும் காலை எட்டரைக்கு, முதல் நோயாளி வருவதற்கு முன், வாசலில் பூக்களுக்கு வைத்தியம் நடந்தது. சட்டங்கள் இரண்டுதான். ஒன்று, ஃபிளாஷ் கிடையாது. "ஃபிளாஷ் போட்டா இதழெல்லாம் பல்லு மாதிரி பளபளங்குது. நாள் பூரா பல்லைத்தானே பாக்கறேன்?" இரண்டாவது, ஸ்டாண்டு கிடையாது. கேமராவைக் கையில் பிடித்து, மூச்சை அடக்கி, பூவை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்வதில்தான் சுகமே இருக்கிறது என்பார். இன்ஸ்பெக்டரின் வேலை எறும்பை விரட்டுவது. பூவின் அடிப்பக்கமும் தெரியும்படி, வாய்க்குள் வைக்கும் குட்டிக் கண்ணாடியைப் பூவுக்கு அடியில் பிடிப்பது. ஒருநாள் நடுவில் தேனீ ஒன்று நுழைந்தபோது, "சார், உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்டது டாக்டர் இல்லை, இன்ஸ்பெக்டர்தான். பைத்தியம் ஒட்டிக்கொள்ளும்.

மழை ஓய்ந்து குளிர் வந்தது. சாமந்திக்கு ஃபைல் போட்டார்கள். "அடேயப்பா, எவ்வளவு நெருக்கம்! இவருக்குக் கம்பி கட்டித்தான் ஆகணும்" என்றார் டாக்டர். எடுத்த பத்துப் படத்தில் மூன்று கலங்கியிருந்தன. "குளிர்ல விரல் விறைச்சுப்போச்சு" என்றார். இருக்காதா பின்னே, விடியலில் புல்லெல்லாம் நனைந்து கிடந்ததே.

வெயில் காலத்தில் மதில்மேல் காகிதப்பூ பற்றி எரிந்தது. அதன் சிவப்பெல்லாம் பூவே இல்லை, நிறம் மாறிய இலைகள், நடுவிலிருக்கும் குட்டி வெள்ளைதான் பூ என்று கண்டுபிடித்ததும் டாக்டர் குழந்தை மாதிரி கைதட்டினார். "ஃபைல்ல எழுது. ஒரே ஒரு பல்லுதான் சொந்தம். மிச்சமெல்லாம் கட்டினது!" அன்று பாதிப் படங்கள் கலங்கின. "கண்ணுல வேர்வை" என்றார். அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. பிறகு காற்று காலம். செம்பருத்தி ஆடிய ஆட்டத்தில் பத்தில் எட்டு போயிற்று. "இந்தக் காத்துல யாரு எடுக்க முடியும்?" என்றார். இன்ஸ்பெக்டரும், "அதானே" என்றாள். ஒவ்வொரு பருவமும் தன் பங்குக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுபடி முதல் மழை பெய்தது. அடுத்த நாள் காலை டாக்டர் ஃபோனை நீட்டியபடி, சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார். கிளினிக்கின் கம்ப்யூட்டர் வருடம் ஒருமுறை எல்லா நோயாளிக்கும் தானாக அனுப்பும் செய்தி அது. 'அன்புள்ள மழை லில்லி, தாங்கள் எங்களிடம் வந்து ஓராண்டு ஆகிறது. பற்களைப் பரிசோதித்துக்கொள்ளத் தவறாதீர்கள்.'

"பாரு, சொன்ன தேதிக்கு வந்து நிக்கறார். மனுஷங்க எவனாவது இப்படி வர்றானா?"

தொட்டியில் நிஜமாகவே ஒரு பூ நின்றது. டாக்டர் படம் எடுத்துவிட்டு உள்ளே போனார். இன்ஸ்பெக்டர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய நோயாளி என்றால், போன தடவை எடுத்த படத்தை இடப்பக்கமும் இப்போது எடுத்ததை வலப்பக்கமும் அதுவாகவே காட்டும். வைத்தியத்துக்கு முன், வைத்தியத்துக்குப் பின்.

இடப்பக்கத்தில், மகரந்தத்தை மணி மணியாக எண்ணிவிடலாம். வலப்பக்கத்தில், ஈரத்துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி ஒரு ரோஸ் கறை.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இலை அசையவில்லை. குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. சாக்குச் சொல்ல அன்று ஒன்றுமே இல்லை.

நோயாளிகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு. நெஞ்சில் கொஞ்சம் பால் வார்த்தது போல இருந்தது, ஒரு நிமிடம்தான். பல்லுக்கு ஃபிளாஷ் உண்டு. ஃபிளாஷ் மின்னும் நேரத்துக்குள் எந்தக் கையும் ஆட முடியாது. பல்லில் வேலை செய்யும்போது டாக்டர் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வார். அப்போதும் கை ஆடாது. பூவுக்கு முன்னால் மட்டும்தான் அந்தக் கைக்கு ஊன்ற இடம் கிடையாது. கொஞ்ச நாளாக, "ஊசி மூடியை நீயே கழட்டிக் குடு" என்று டாக்டர் கேட்டதும், டீயைப் பாதி டம்ளருக்கு மேல் வேண்டாம் என்றதும் இப்போது வரிசையாக வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்னத்தைப் பார்த்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வர வேண்டும். படுத்துக்கொண்டு வளர்ந்த ஞானப்பல்லை அறுத்து எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் அதன் வேர் நரம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்த மூலையில் விரல் ஊன்ற வழியில்லை. கருவி ஒரு நூல் தவறினாலும் பாதி உதடு வாழ்நாள் முழுக்க மரத்துப்போகும். "விசில் ஊதற உத்தியோகம் டாக்டர், பாத்து" என்று போன வாரம் அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மணி பத்தரை. சொல்லாமல் விட்டால் அந்த மனிதரின் உதடு. சொன்னால் டாக்டரின் முப்பது வருடத் தொழில். அவள் வாசலுக்குப் போய், தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, நோயாளி நாற்காலியின்மேல் வைத்தாள். விளக்கைப் போட்டாள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினாள்.

"என்ன இன்ஸ்பெக்டர், இவருக்கு அட்மிஷனா?"

"ஒரு படம் எடுங்க டாக்டர்."

டாக்டர் எடுத்தார். பின்பக்கத் திரையில் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார்.

"லென்ஸ் போயிடுச்சு போல."

இன்ஸ்பெக்டர் கேமராவை வாங்கினாள். அதுவரை அவள் அதன் பட்டனைத் தொட்டதே இல்லை. மூச்சை அடக்கி ஒரு தடவை அழுத்திவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினாள். மகரந்தம் மணி மணியாகத் தெரிந்தது. அந்தப் படம் கலங்கி வந்திருக்கக்கூடாதா என்று அந்த நொடியில் அவள் மனதாரக் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் தொட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தன் வலக்கையைக் கொஞ்ச நேரம் வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்டி" என்றார். அவர் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. "காலைல சட்டைப் பட்டன் போடறதுக்குள்ள போதும் போதும்னு ஆகுது. பல்லுல வேலை செய்யறப்போ ஒண்ணும் தெரியலையேன்னு... பூவுல தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

"பதினோரு மணிக்கு அவர் வர்றார், டாக்டர்."

"வரட்டும்."

காவலர் வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சமாளித்துவிடலாம் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். நினைத்தாரோ என்னவோ, செய்யவில்லை. அவரை உட்காரவைத்து, "என் கை நடுங்குது. உங்க பல்லை நான் தொடக்கூடாது" என்று நேராகவே சொன்னார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே டாக்டர்!"

"உதடு மரத்தப்புறம் தெரிஞ்சிருக்கும்."

முன்பு சனிக்கிழமைகளில் அங்கே வேலை பார்த்த இளம் டாக்டருக்கு ஃபோன் போட்டு, நாளும் குறித்துக் கொடுத்தார். காவலர் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

அந்த மாதத்தோடு டாக்டர் வருவது நின்றது. நடுக்கத்தை மாத்திரையால் கொஞ்சம் குறைக்கலாம், முழுதும் போகாது என்று நரம்பு வைத்தியர் சொல்லிவிட்டார். கிளினிக்கை இளம் டாக்டர் பார்த்துக்கொண்டார். தங்கமான பெண், ஒரு குறை சொல்ல முடியாது. கேமரா பல்லை மட்டும் படம் எடுத்தது. இன்ஸ்பெக்டர் மூன்று தடவை ஃபோன் செய்தாள். டாக்டர் எடுக்கவில்லை. நல்லதைத்தான் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, காலை எட்டரை மணியானால் கால் தானாக வாசலுக்குப் போனது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, "உங்க டாக்டர் லீவு" என்று அவற்றிடம் அதட்டலாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

குளிர் வந்தது. ஒரு மாலை, மறுநாள் போக வேண்டிய நினைவூட்டல்களின் பட்டியலைச் சரிபார்த்தாள். பல் கட்டிய பெரியவர் ஒருவர், ஒரு தபால்காரர், அவருக்குக் கீழே, டாக்டரின் நம்பரோடு, சாமந்தி. அழிப்பதற்கு விரல் போனது. வேலையை விட்ட மனுஷிக்கு இந்த நேரத்தில் இப்படி ஒரு விளையாட்டா? புண்ணைக் கிளறுவது ஆகாதா? வெகுநேரம் யோசித்தாள். பிறகு அழிக்காமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே, ஸ்வெட்டரின் பட்டன்களை மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்டர் நின்றிருந்தார். கையில் ஃபோன்.

"என்னை வரச் சொல்லியிருந்தாங்க" என்றார்.

"உங்களை இல்ல. சாமந்தியை" என்றாள் இன்ஸ்பெக்டர். விறுவிறுவென்று உள்ளே போய்க் கேமராவையும் குட்டிக் கண்ணாடியையும் எடுத்துவந்தாள்.

"ஸ்டாண்டு ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா டாக்டர்?"

"சட்டத்தை மாத்தாதே."

டாக்டர் மண்டியிட்டார். அதற்கே நேரமானது. அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மூச்சை அடக்கி, எடுத்தார். திரையில் இதழ் ஒன்றையும் காணோம். மஞ்சள் மட்டும் சுழன்று சுழன்று நின்றது, பூ எழுந்து ஆடியது போல. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்ஸ்பெக்டருக்குத் தாங்கவில்லை. "குளிர்தானே, டாக்டர்?" என்றாள்.

"குளிர் இல்ல, இன்ஸ்பெக்டர். கை. ஃபைல்ல அப்படியே எழுது."

உள்ளே போய் அவள் அப்படியே எழுதினாள். கடைசியில், அடுத்த வருகை எப்போது என்று கம்ப்யூட்டர் கேட்டது. வழக்கம்போல ஒரு வருடம் என்று அதுவாகவே போட்டு வைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதை அழித்துவிட்டு, நாளை காலை எட்டரை என்று போட்டாள்.