ஒருவர் எதிர்ப்பு

எட்டுப் பேர் கை தூக்கும்போது ஒன்பதாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா, கண்ணுகளா? கூரையே இடிந்து விழுந்ததுபோல் ஆகிவிடும்.

மலாயாவில், பத்து பாகாட் ஊரில் தையல் கடை வைத்திருந்த அர்ச்சுனன் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். சாதியும் வேண்டாம் சாமியும் வேண்டாம் என்ற சீர்திருத்தச் சங்கத்தின் செயலாளர் அவர். சங்கம் என்றால் உயிர். ஆனால் எதையும் துணி அளப்பதுபோல் இரண்டு தடவை அளந்து பார்ப்பார். அதுதான் அவரைப் பிடித்த சனியன்.

ஆயர் ஈத்தாம் போகிற சாலையில் வெள்ளையம்மாவின் தேத்தண்ணிக் கடை. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வெளித்தூணில் ஆணியடித்துத் தொங்கவிட்ட காலிப் பால் டின். மூன்று மாதம் தினம் போய்ப் பேசிப் பேசி, அந்த டின்களை எடுக்க வைத்தார் அர்ச்சுனன். இனி எல்லோருக்கும் கிளாஸ். வெள்ளையம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முருகன் படம் மட்டும் இருக்கட்டும் தம்பி. அவன் மொகத்தப் பாக்காம எனக்கு அடுப்பு பத்தாது."

"இருக்கட்டும்க்கா. படமா டின்னுல ஊத்துச்சு?"

டின் போனதும், எல்லோருக்கும் ஒரே கிளாஸா என்று ஊர் பக்தர் சபைக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். சங்கத்தார் குடித்ததால்தான் கடை ஓடியது. அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் சபாபதி ஒரு தீர்மானத்தை வாசித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவர். சாமி படம் மாட்டிய கடையில் உறுப்பினர் யாரும் கால் வைக்கக் கூடாதாம்.

"தலைவரே, எனக்கும் படத்துல நம்பிக்கை இல்ல," என்றார் அர்ச்சுனன். "ஆனா நாம போகலன்னா அந்தம்மா கடைய மூடணும். இல்ல, மறுபடி டின்ன மாட்டணும். பரவால்லயா?"

"பாதிக் கிணறு தாண்டுற ஆளுய்யா நீ."

எட்டுக் கைகள் உயர்ந்தன. சபாபதி கூட்டப் புத்தகத்தை நீட்டினார்.

"ஏகமனதா நிறைவேறுச்சுன்னு எழுது."

"ஏகமனசு இல்லையே. என் மனசு சேரலயே."

"உன் மனச யாரு கேட்டா? எழுதுறது கைதானே! சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு அனுப்பணும்லா. நமக்குள்ள பிளவுன்னு ஊரு சிரிக்கணுமா?"

அர்ச்சுனன் எழுதினார்: எட்டுப் பேர் ஆதரவு. ஒருவர் எதிர்ப்பு, அர்ச்சுனன்.

சபாபதி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். செயலாளர் பதவியும் அதோடு போயிற்று.

மறுநாள் காலையில் தையல் கடை வாசலில் மல்லிகை மாலையோடு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஐயாத்துரை நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பக்தர் சபைத் தலைவர்.

"வாரும் காணும்! முருகன்ட படத்துக்காகச் சண்டை பிடிச்சீராம். இனி நீர் எங்கட ஆள்."

"படத்துக்காக இல்லீங்க, கிளாஸுக்காக. நீங்க வந்து அந்தக் கிளாஸ்ல குடிப்பீங்களா?"

"அதை மெல்ல மெல்லப் பாப்பம். முதல்ல டின்னுகளைத் திரும்ப மாட்டச் சொல்லும்."

அர்ச்சுனன் மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். இனிப் பேச்சில்லை என்று அர்த்தம்.

நாலு நாள் கழித்து வெள்ளையம்மா கடைக்குப் போய் உட்கார்ந்தார். வேறு ஈ காக்கை இல்லை.

"அலமாக்! வந்துட்டாரு பெரிய மனுசரு," என்று கரண்டியை ஓங்கினாள் அவள். "அவங்களுக்குக் கிளாஸ் ஆவாது, இவங்களுக்குப் படம் ஆவாது. காய்ச்சுன பால நானேவா குடிக்கிறது? இன்னிக்கு ஒன்னு சொல்லு. படத்தக் கழட்டவா, டின்ன மாட்டவா?"

"ரெண்டும் வேணாம்க்கா."

"ரெண்டும் வேணாமாம்! சின்னதுல உனக்குச் சோறு ஊட்ட உங்காத்தா என்ன பாடு பட்டாளோ!"

அப்போது தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து முடித்த கருப்பாயியும் இன்னும் ஐந்து பெண்களும் வந்து தூண் ஓரமாக நின்றார்கள். டின் போய்க் கிளாஸ் வந்தபிறகும் அவர்கள் நிற்கிற இடம் மாறவில்லை.

வெள்ளையம்மா இருந்த எரிச்சலில் அவர்கள்மேல் பாய்ந்தாள். "வெளிய எதுக்குடி நிக்கிறீங்க? பெஞ்சு சும்மாத்தானே கெடக்கு, உள்ள வந்து ஒக்காருங்க!"

கருப்பாயி நகரவில்லை. "ஐயா ஒக்காந்திருக்காங்களே."

அர்ச்சுனனுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் கிளாஸ் கிளாஸ் என்று பேசியவருக்குப் பெஞ்சு ஞாபகமே வரவில்லை. சங்கத்தார் எட்டுப் பேரும் அவருமாக அதை நிறைத்துக்கொண்டு சமத்துவம் பேசிக் குடித்தார்களே, அப்போதெல்லாம் இந்தப் பெண்கள் நின்றுகொண்டேதான் குடித்திருக்கிறார்கள்.

"நான் இருந்தா என்னம்மா? வாங்க," என்று கோடிக்கு நகர்ந்தார்.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கருப்பாயி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சங்கத்துக்காரங்க இனி வர மாட்டாங்களாக்கா?"

"மாட்டாங்களாம்."

"சபைக்காரங்க?"

"அவங்களும்தான்."

"அப்ப நாங்க நாளைக்கும் வர்றோம். லயத்து வீடுகள்ல சொன்னா இன்னும் பத்துப் பேரு வருவாங்க."

"பெஞ்சு பத்தாதே," என்று சலித்துக்கொண்டே வெள்ளையம்மா இன்னொரு பாத்திரம் பாலை அடுப்பில் ஏற்றினாள். "ஏன் தம்பி, ஞாயித்துக்கெழம அந்தக் கூட்டத்துக்கு இன்னமும் போவியா?"

"போகாம? என் சங்கம்க்கா அது."

இங்கே உட்கார்ந்து குடித்ததை அங்கே சொன்னால் அடிக்கவே வருவார்கள். முதல் ஆளாக எழுந்து அதைத்தான் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.