காக்கிக் குருவி

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது தையலாலா, வாயாலா என்று கேட்டால் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிட்டு விருந்தினர் மாளிகை கட்டப் போகிறார்களாம்! அக்காவின் மகளுக்கோ நிறைமாதம். அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும். 

அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் தொட்டில் துணியில் அம்மாக்காரி ஒரு குருவி தைப்பாள். அக்கா ஒரு வெள்ளை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்த ஆஸ்பத்திரியில் பெற்றவர்கள் எல்லோரும் பிள்ளைக்கொரு குருவி தைத்தார்கள். நகராட்சி வாசலில் அதைக் கட்டினதுதான் தாமதம், இன்ஸ்பெக்டர் வந்து அவிழ்த்துச் சுருட்டினார்.

"ஒரு எழுத்துகூட இல்லையே சார்! குருவிக்குமா தடை?"

"மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன பண்ண?"

மறுநாள்தான் ஆஸ்பத்திரியை மூட முடிவெடுக்கும் நகராட்சிக் கூட்டம். அக்கா காலையிலேயே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். "துணி வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்காமலே விரிப்பை நீட்டினார். "கொண்டுபோய்க் கட்டுங்க. கேட்டா நான் பேசிக்கிறேன்."

இவ்வளவு சுலபமாகவா? அக்கா சந்தேகத்தோடு விரித்துப் பார்த்தாள். மூலையில் புதிதாக ஒரு குருவி. காக்கி நூல், குண்டு உடம்பு, ஒற்றைக் கால்.

"அடக் கடவுளே, எந்தக் கைராசிக்காரி தைச்சது இது? கோழி மாதிரி இருக்கு!"

"குருவிதாம்மா அது." அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "நானும் அங்கதான் பிறந்தேன். தைக்க எங்கம்மா இப்ப இல்ல. அதான் நானே..."

அக்கா அந்தக் குருவி மேலே தெரியும்படி விரிப்பை மடித்துக்கொண்டாள்.

விரிப்பு மறுபடியும் வாசலில் ஏறியது. ஏணியைப் பிடித்துக்கொண்டது இன்ஸ்பெக்டர். உள்ளே போக வந்த உறுப்பினர்கள் அவரவர் குருவியைத் தேட நின்றுவிட்டார்கள். தலைவர் தன் குருவியைக் கண்டுபிடித்துத் தம்பியின் குருவியையும் தேடிக்கொண்டிருந்தார். மூடும் பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மாளிகைத் திட்டமே கைவிடப்பட்டது.

அக்காவுக்குப் பேத்தி அதே ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மகள் தன் குருவியைக் காக்கிக் குருவிக்குப் பக்கத்தில் தைத்தாள்.

கோணல் தையலைக் கண்டால் பிரிக்காமல் விடாத அக்கா, அந்த ஒற்றைக் காலை மட்டும் இன்றுவரை தொடவில்லை.