டிரக் அவனுக்கு, மெஷின் எனக்கு

விவாகரத்தில் என் புருஷன் வெர்லினுக்கு டிரக் போயிற்று. குளிர்காலத்தில் உறைந்துபோகிற ஏரிமேல் நிற்கிற மீன்பிடிக் கொட்டகையும் அவனுக்கே. எனக்கு வீடும், பனிக்கட்டியைத் துளைக்கிற பழைய பெட்ரோல் மெஷினும் வந்தன. மெஷினை நானாகக் கேட்டு வாங்கினேன் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. "அதை வச்சு என்ன பண்ணப் போறா, தோட்டத்துல குழி தோண்டவா?" என்று தூண்டில் கடை டெல்பெர்ட் கேட்டானாம். கேட்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து வெர்லின் போட்ட துளையோரம் உட்கார்ந்து மீன் பிடித்தவள் நான். இனி என் துளையை நானே போட்டுக்கொள்வேன் என்று ஒரு வீம்பு.

வீம்பு மட்டும் என்று சொன்னால் பொய். அரிஸோனாவில் இருக்கும் என் அக்கா லவோன், வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிடு என்று இலையுதிர்காலத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தாள். வீட்டை வாங்க ஆட்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம் முடிவைச் சொல்கிறேன் என்றிருந்தேன். எனக்குப் போக மனமே இல்லை. ஆனால் இந்த ஏரியில் உட்காருகிற ஒவ்வொருத்தனும் வெர்லினின் சிநேகிதன். அவர்கள் நடுவே தனியாக உட்கார என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. முடிந்தால் ஊரிலேயே இருப்பது, இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலை மெஷினைக் காரின் பின்சீட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது. பிளேடு பனிக்கட்டியைக் கடித்து இறங்க, தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாகக் காலைச் சுற்றிக் குவிந்தது. அடடா, இவ்வளவுதானா என்று நினைத்தேன். முழங்கை ஆழம்கூடப் போயிருக்காது, இரண்டு தும்மல் போட்டுவிட்டு நின்றது. மறுபடி இழுத்தேன். இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

எங்கள் ஏரியில் ஒருத்தருடைய மெஷின் நின்றுவிட்டால் போதும், கொட்டகைக் கதவெல்லாம் திறந்துகொள்ளும். தூண்டிலில் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் போட்டுவிட்டு வருவார்கள். முதல் ஆளாக வந்தது டெல்பெர்ட்.

"பிளக்குதான். நீ நகரு."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், ஊதினான், திரும்ப மாட்டினான். இழுத்தான். உடனே பிடித்துக்கொண்டது!

"பாத்தியா? டெல்பெர்ட் கை பட்டா செத்த பொணமும் எழுந்து உக்காரும்!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் பிணம் திரும்பப் படுத்துக்கொண்டது.

அதற்குள் பாஸ்டர் நீல்ஸ் வந்துவிட்டார். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்மா. குழாய்ல உறைஞ்சு அடைச்சிருக்கு" என்று தன் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த வெந்நீரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிப் பிடித்தார். பொறுமையாகப் பிடித்திருந்துவிட்டு இழுத்தார். ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

"ஜெபம் பண்ணீங்களா பாஸ்டர்?" என்றான் டெல்பெர்ட்.

"பண்ணேன்பா."

"பாதியில நிறுத்திட்டீங்க போலிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் வெர்லின் வந்தான், புது பேட்டரி மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு.

"சோக்கை ரொம்ப இழுத்திருப்பே. உனக்கு எப்பவும் அவசரம்" என்று குனிந்து எதையோ தள்ளினான், எதையோ திருகினான். மெஷின் ஓடியது. அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. சிரிப்பு போவதற்கு முன் மெஷின் நின்றது.

"விடு ஆர்லிஸ்" என்றான். "என் மெஷின்ல ஒரு நிமிஷத்துல ஓட்டை போட்டுத் தர்றேன். இல்லைன்னா என் கொட்டகைக்கு வா. ஹீட்டர் போட்டிருக்கேன். ரெண்டு ஓட்டை இருக்கு, ஒண்ணுல நீ உக்காந்துக்கோ."

குத்தலாகச் சொல்லியிருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பாவி, அன்பாகச் சொன்னான். அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்தால், சாயங்காலம் லவோனுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது எனக்குத் தெரியும்.

"யாரும் இதைத் தொடாதீங்க" என்றேன். "எல்லாரும் தள்ளி நில்லுங்க."

நின்றார்கள். நான் யோசித்தேன். பிளக்கைத் துடைத்தான், ஓடியது. வெந்நீர்த் துணி போட்டார், ஓடியது. சோக்கைத் தொட்டான், அப்போதும் ஓடியது. மூன்று பேர் சொன்ன மூன்று கோளாறும் ஒரே மெஷினில் இருக்குமா என்ன? ஒவ்வொரு தடவையும் இவர்கள் வாயடித்து, கழற்றி மாட்டுகிற வரைக்கும் மெஷின் சும்மா கிடந்தது. மூன்று வைத்தியத்துக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

என் பிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் காப்பி ஊற்றினேன்.

"என்ன பண்ணப் போறே?" என்றான் டெல்பெர்ட்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்லை. குடி."

அவனுக்குக் கை பரபரத்தது. காப்பி முடிந்தது. நான் எதையும் தொடாமல் கயிற்றை மட்டும் இழுத்தேன். ஓடியது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அதேபோல நின்றது.

"உன் பிளக்கும் இல்லை, பாஸ்டரோட தண்ணியும் இல்லை. இதுக்குப் பெட்ரோல் மெதுவாத்தான் வருது; சும்மா கிடக்கறப்போ கொஞ்சம் சேருது, அது தீர்ந்ததும் நின்னுடுது. டேங்க் என்னவோ ரொம்பித்தான் இருக்கு."

டேங்க் மூடியைத் தளர்த்தினேன். 'உஸ்ஸ்' என்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மூடியின் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு திருகு உண்டு. காற்று உள்ளே போவதற்கான வழி அது. அது அடைத்திருந்தால் பெட்ரோல் சரியாகக் கீழே இறங்காது. அதை அடைத்தது யார்? சாட்சாத் நான்தான். காரில் ஏற்றியபோது பெட்ரோல் வாடை குடலைப் புரட்டியது. வாடை வருகிற இடத்தை மோப்பம் பிடித்து, அந்தத் திருகை இறுக்கினேன். வாடை நின்றது, நானும் மறந்துவிட்டேன்.

"இந்தத் திருகை நான் தொட்டதே இல்லையே" என்றான் வெர்லின், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"நீ ஏன் தொடப் போறே? உனக்கு இது டிரக்கோட பின்பக்கத் தட்டுல, திறந்த வெளியில வந்துச்சு. எனக்குப் பின்சீட்டுல உக்காந்து வருது. டிரக்கை எடுத்துட்டுப் போனது யாரு?"

டெல்பெர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். பாஸ்டர் பனியைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் வெர்லினும் சிரித்துவிட்டான்.

திருகைத் திறந்துவிட்டு இழுத்தேன். மெஷின் நிற்கவே இல்லை. பிளேடு அடிவரை போய்த் திடீரென்று கனம் விட்டது, ஏரித்தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்து என் பூட்ஸை நனைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுக் கத்தினேன், வெட்கம் என்ன வெட்கம்!

எல்லாரும் அவரவர் கொட்டகைக்குத் திரும்பினார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெர்லின் மட்டும் போகாமல் நின்றான்.

"நல்லா இருக்கு உன் ஓட்டை."

"தெரியும். நீ கிளம்பு, மீன் பயப்படுது."

போனான். காற்று முகத்தை அறுத்தது. நான் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் லவோனைக் கூப்பிட்டேன்.

"வரலைக்கா. வீட்டை விக்கலை."

"அடிப்பாவி! என்ன, பெரிய மீனா மாட்டுச்சா?"

"ஒண்ணுகூட மாட்டலை."

"காலையில இருந்து அந்தக் குளிர்ல உக்காந்து ஒண்ணுகூட இல்லையா? அப்புறம் எதுக்குடி அங்கேயே கிடக்கறே?"

"இடம் சரியில்லைக்கா" என்றேன். "நாளைக்கு நாணல் பக்கமா ஓட்டை போட்டுப் பாக்கப் போறேன்."