இருபதாயிரம் பவுண்டு

எங்கள் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் ஆயுத பூஜைக்கு மதம் கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நானும் என் தங்கச்சி புருஷன் தாவீதும்தான் சுமை தூக்கும் ஹாய்ஸ்ட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்போம். பழைய பெயிண்டைச் சுரண்ட மாட்டோம், அதன் மேலேயே அப்பிவிடுவோம். சோம்பேறித்தனத்துக்குப் பக்தி என்று பெயர்.

அமெரிக்காவில் செய்த ஹாய்ஸ்ட் அது. முதலாளி ஏலத்தில் எடுத்தது. அதில் பதித்த தகட்டில் ‘பத்து டன்’ என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் தெரியும். ஆறு வருஷமாக நான் சுவிட்சைப் பிடிப்பேன். தாவீது சுமையைக் கட்டி, கையால் தாங்கிக்கொண்டு கூடவே நடப்பான். கயிறு கட்டித் தள்ளி நின்று இழு என்றால் கேட்கவே மாட்டான்.

இந்த வருஷம் என்ன தோன்றியதோ, தகட்டைச் சுரண்டினேன். அடியில் இன்னொரு வரி இருந்தது: இருபதாயிரம் பவுண்டு.

போனில் கணக்குப் போட்டேன். ஒன்பதாயிரத்து எழுபத்திரண்டு கிலோ வந்தது. அமெரிக்காக்காரனுக்கு ஒரு டன் தொள்ளாயிரத்து ஏழு கிலோதானாம்! டன் என்றால் எங்கேயும் ஆயிரம் கிலோ என்று நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மாதம் நாலு தடவை காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு அனுப்பும் இரும்புச் சட்டம் எடை மேடையில் 9,860 கிலோ காட்டும். கிட்டத்தட்ட எண்ணூறு கிலோ அதிகம். எங்கள் ஷிப்டு ஆட்கள் பதினோரு பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி.

பூஜை முடிந்து மறுநாள் லாரி வந்தது. தூக்க மாட்டேன் என்றேன்.

“ஆறு வருஷம் தாங்குச்சி, இன்னிக்கு இன்னா வந்துச்சி எபினேசர்?” என்றார் சூப்பர்வைசர் அன்புசெல்வன்.

“நீங்க வந்து தாவீது நிக்கிற எடத்துல நில்லுங்க சார், தூக்குறேன்.”

அவர் நிற்கவில்லை. வெளியிலிருந்து கிரேன் வண்டியை வரவழைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் தாவீது கேட்டான். “இன்னா மச்சான், சார்கிட்ட சண்ட போட்டுக்கினு கீற?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். இனிமேல் ஆபத்து இல்லை, அவனுக்கு எதுவும் தெரியவும் வராது. ஆனால் அந்தச் சட்டங்களுக்கெல்லாம் பட்டனை அழுத்தியது என் விரல். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

சோறு பிசைந்த கை நின்றது. “ஒருநாள்கூட நான் மேல பாத்தது இல்ல மச்சான். சுவிட்சு உன் கைல கீதேன்னு பாக்கல.”

திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே ஹாய்ஸ்ட்டில் வெள்ளை பெயிண்டால் ‘9,000 கிலோ’ என்று பெரிதாக எழுதினேன். மறுநாள் தூக்கியது மூன்று டன் தகடுதான், பயப்பட ஒன்றுமில்லை. தாவீது அண்ணாந்து ஹாய்ஸ்ட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தகட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

முறைப்படி அப்படித்தான் நிற்க வேண்டும். ஆறு வருஷமாக நானே அவனிடம் சொல்லிச் சொல்லி அலுத்த முறை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.