ஐந்து கிராம்

என் மாமனார் அந்த லேப்டாப்பை இதுவரை ஆயிரம் தடவையாவது திறந்து மூடியிருப்பார். ஒரு தடவையாவது, இந்த மூடி என்ன அழகாகத் திறக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பாரா? மாட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் பெருமையடித்தது வேறு. காலையில் ஒயரை உருவினதாம், சாயங்காலம் ஆகியும் பாதி சார்ஜ் மிச்சமிருக்கிறதாம், எல்லாம் எங்கள் சின்ன மாப்பிள்ளை கைவண்ணமாம். நான் அதே கூடத்தில், அவருக்கு நேர் எதிரே, பெரிய மாப்பிள்ளை என்ற பெயரோடு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியவரும் அதே கம்பெனிதான் என்று மாமியார் ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கீல் செய்கிறேன் என்றேன். கதவுக்குப் போடுவார்களே அதுவா என்றார் மனுஷன். கூடமே சிரித்தது, என் மனைவி உட்பட. சிரிக்காதவன் என் சகலை ஒருத்தன்தான். அண்ணாவின் கீல் இல்லையென்றால் அது லேப்டாப்பே இல்லை, இரண்டு பலகை என்று எனக்காகப் பரிந்து பேசினான். மற்றவர்கள் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இவன் பரிந்து பேசியதுதான் வயிற்றைப் பற்றவைத்தது.

எங்கள் கம்பெனியின் விலையுயர்ந்த லேப்டாப் வரிசைக்கு ‘இறகு’ என்று பெயர். பையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி மெல்லியதாக, கனமில்லாததாக இருக்க வேண்டும் என்பது அதன் லட்சியம். முதல் இறகை இறகு என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். ஒரு கிலோ நானூறு கிராம். அதற்கு நான் போட்ட கீல் இரண்டு எஃகுத் தண்டு, திறக்க இரண்டு கையும் வேண்டும். இரண்டாவது மாடலில் ஒரு கையால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகமும் சேர்ந்து எழுந்து வந்தது. மூன்றாவது கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தம் ஆறு மாதம் என் கனவில்கூட வந்தது. நாலில் உடம்பை மக்னீசியத்துக்கு மாற்றினார்கள். ஐந்தில் திரையைச் சுற்றியிருந்த கறுப்பு ஓரத்தை நகத்தின் அகலத்துக்குச் சுருக்கிவிட்டு, கீலை எங்கே வைப்பாயோ வை, அது உன் பாடு என்று கைகழுவினார்கள். ஒரு பென்சில் தடிமனுக்குள் அதை ஒளித்து வைத்தேன். ஆறில்தான் நான் நினைத்தது நடந்தது. ஒரே விரலால் மூடியைத் தூக்கலாம், அடிப்பாகம் மேஜையை விட்டு அசையாது. அந்த ஒரு விரலுக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

சகலை நாலாவது மாடலின்போது வந்து சேர்ந்தான். மாமனார் கேட்டுக்கொண்டதால் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தவன் நான்தான், வேறு யாரைத் திட்டுவது? பேட்டரிப் பிரிவில் போட்டார்கள். ஏழு மணி நேரம் தாங்கிக்கொண்டிருந்ததை மூன்றே மாடலில் பதினாலு மணி நேரம் ஆக்கினான். பத்திரிகைகளில் விமர்சனம் வந்தால் தலைப்பிலேயே பேட்டரி. கீபோர்டுக்கு ஒரு பத்தி, திரைக்கு ஒரு பத்தி. கீல்? வீணாய்ப்போன மூன்றாவது மாடல் கத்தியபோது மட்டும் அரைப் பக்கம் எழுதினார்கள்.

ஏழாவது இறகு தொள்ளாயிரம் கிராமைத் தாண்டக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஏழு முடிந்ததும் எங்கள் திட்டத் தலைவர் வேறு பிரிவுக்குப் போகிறார், எட்டாவது இறகுக்குத் தலைமை எங்களில் ஒருத்தருக்குத்தான் என்றும் தெரிந்தது. அந்த அம்மாளை நாங்கள் முதுகுக்குப் பின்னால் தராசு மேடம் என்போம். மேஜை மேல் எப்போதும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருக்கும். அந்தப் பதவி எனக்கு வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அது எனக்குக் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, சகலைக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தன் பாகத்தின் எடையைத் தானே நிறுத்துப் பொதுப் பட்டியலில் எழுதும். யாரும் உண்மையான எடையை எழுத மாட்டோம். இரண்டு, மூன்று கிராம் கூட்டிப் போடுவோம். மசகு, திருகாணி, பூச்சு என்று காரணத்துக்கா பஞ்சம்? இதற்கு எங்களுக்குள் இடுப்பு முடிச்சு என்று பெயர். கடைசிக் கூட்டத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது முடிச்சை அவிழ்த்து, ராப்பகலாகப் பாடுபட்டு இரண்டு கிராம் குறைத்தேன் என்று சொன்னால் ஆகா ஓகோ என்பார்கள். என் ஏழாவது கீல் ஜோடி இருபத்தாறு கிராம். பட்டியலில் முப்பத்தொன்று என்று போட்டிருந்தேன். ஐந்து கிராம் முடிச்சு. இவ்வளவு பெரிய முடிச்சை நான் அதற்குமுன் போட்டதில்லை.

பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் தொள்ளாயிரத்து எட்டு வந்தது. எட்டு கிராம் அதிகம். யாரால் குறைக்க முடியும் என்று மேடம் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். திரைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். உடம்புப் பிரிவுக்காரர் உத்தரத்தில் என்னவோ தேடினார். கீபோர்டுக்கார அம்மாள் நோட்டில் கோலம் மாதிரி எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். நான் பட்டியலை முதல்முறை பார்ப்பவன் போல உன்னிப்பாகப் பார்த்தேன். கடைசியில் வழக்கம்போல எல்லார் கண்ணும் பேட்டரி மேல் போய் நின்றது. இருக்கிற பாகங்களிலேயே கனமானது அதுதான், இருநூற்று முப்பத்தாறு கிராம். அதில் எட்டை வெட்டினால் பதினெட்டு மணி நேரம் பதினேழாகிவிடும். அந்தப் பதினெட்டுக்காக அவன் இரண்டு வருஷமாக உழைத்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் டயம் கேட்டான். கொடுத்தார்கள்.

என்னிடம் ஐந்து கிராம் இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் அவனுக்கு வெட்டு மூன்று கிராமோடு போயிருக்கும். சொன்னால் என்ன ஆகும்? பதினெட்டு மணி நேரம் என்று தலைப்புப் போடுவார்கள். மாமனார் இன்னும் பத்து வீட்டில் சொல்லுவார். எட்டாவது இறகு அவன் மடியில் போய் விழும். அதற்கு என் ஐந்து கிராமையா கொடுப்பேன்? என் கணக்கு வேறு. சின்ன பேட்டரிக்கு மேடம் கையெழுத்துப் போட்டு ஆர்டர் போய்விட்டால் அதைத் திரும்ப மாற்ற முடியாது. பிறகு நான் சாவகாசமாக முடிச்சை அவிழ்ப்பேன். தொள்ளாயிரத்துக்கும் கீழே கொண்டுபோன புண்ணியவான் யார்? நான்!

வீட்டில் மனைவிக்கு அவள் தங்கை போன் பண்ணியிருந்தாள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸுக்குப் போகிறார், குழந்தை எதிரில் வந்தாலும் முகம் பார்ப்பதில்லை என்று புலம்பினாளாம். இதைச் சொல்லிவிட்டு என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களால ஏதாவது பண்ண முடியாதா?"

"நான் என்ன பண்றது? அது அவன் டிபார்ட்மென்ட்."

அவள் மடித்த துணியை அலமாரிக்கு எடுத்துப்போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டம் கூடியது. சகலைக்கு வேறு வழி எதுவும் கிடைக்கவில்லை. எட்டு கிராம் குறைவான பேட்டரியின் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையெழுத்து விழட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மேடம் பேனாவை எடுக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி கீல். யாரோ வெளிக் கம்பெனி செய்தது.

அதைத் தராசில் வைத்தார். இருபத்தெட்டு கிராம் காட்டியது. பட்டியலில் நம்முடைய கீல் முப்பத்தொன்று, இதைப் போட்டால் மூன்று மிச்சம், பேட்டரி ஐந்து மட்டும் இளைத்தால் போதும் என்று கணக்கை எங்கள் முன்னால் வைத்தார். திறக்கிற விதம் உங்களுடைய கீல் அளவுக்கு நயமாக இல்லைதான், இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை என்று என்னைப் பார்த்து வருத்தமாகவே சொன்னார்.

என் கீல் இருபத்தாறு. அந்தச் சனியனைவிட இரண்டு கிராம் குறைவு. இதைச் சொன்னால், இத்தனை நாள் பொய் எழுதியவன் என்று நானே என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் ஏழாவது இறகில் எவனோ செய்த கீல் இருக்கும், என் பதினோரு வருஷத்து விரல் போய்விடும். வாயைத் திறந்தேன், மூடினேன்.

அப்போது சகலை எழுந்தான்.

"மேடம், அண்ணாவோட கீலை எடுக்க வேண்டாம். எட்டையும் பேட்டரியிலயே வெட்டிக்கறேன்."

அந்த நிமிஷம் வந்த கோபம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. இவன் எனக்குப் பிச்சை போடுகிறானா? மாமனார் கூடத்தில் போட்டது போதாதென்று இங்கே பத்துப் பேர் எதிரிலுமா? நாளைக்கு இவன் தயவில் என் கீல் பிழைத்தது என்று பேச்சு வருமே! நியாயம், மனசாட்சி என்று சொல்லி நான் உத்தமனாக வேஷம் போட விரும்பவில்லை. அவனுடைய பெருந்தன்மையைத் தாங்க முடியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"யாரும் எதையும் வெட்ட வேண்டாம். என் கீல் இருபத்தாறுதான். அஞ்சு கூட்டிப் போட்டிருந்தேன்."

மேடம் என் கீலை வாங்கித் தராசில் வைத்தார். இருபத்தாறு. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. தராசை மேஜையின் நடுவில் நகர்த்தி வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். திரைக்காரர் இருமினார், தன்னிடம் மூன்று இருக்கலாம் என்றார். உடம்புப் பிரிவுக்காரர் நாலு என்று உத்தரத்தைப் பார்த்தே சொன்னார். கீபோர்டுக்கார அம்மாள் இரண்டு விரலைக் காட்டினார். யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தோம். பதினாலு கிராம். தொள்ளாயிரத்து எட்டு இல்லை, எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு. எட்டு கிராமுக்காக மூன்று வாரம் ஒருத்தன் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்திருக்கிறான், நாங்கள் ஆளுக்கொரு முடிச்சோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கடைசியாக மேடம் சகலையிடம் கேட்டார். அவன் விழித்தான். புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். என்னிடம் ஒன்றும் இல்லை, நிறுத்ததைத்தான் எழுதினேன் என்றான். மேடம் பேட்டரியை வாங்கித் தராசில் வைத்தார். இருநூற்று முப்பத்தாறு, ஒரு புள்ளி கூடக் குறைய இல்லை.

மேடம் சின்ன பேட்டரியின் வரைபடத்தை மடித்து அவனிடமே கொடுத்தார். மிச்சமிருக்கிற ஆறு கிராமையும் பேட்டரியிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். என் கீலும் நின்றது. பிறகு, கூட்டம் கலையும் நேரத்தில், எட்டாவது இறகைப் பற்றிச் சொன்னார். மூன்று பெயரை வைத்து யோசித்துக்கொண்டிருந்தாராம். எழுதின எண்ணை நம்பலாம் என்கிற ஆளிடம்தான் அடுத்த பட்டியலைக் கொடுக்க முடியும், அது இந்த அறையில் ஒருத்தர்தான் என்று சகலையைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை எரிகிற அளவுக்குத் தட்டினேன்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். கூட்டிப் போடுகிற வழக்கம் எனக்கு முதலிலிருந்தே தெரியுமா என்று கேட்டான்.

தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல? அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லாவற்றையும் நான்தான் கூட இருந்து சொல்லிக் கொடுத்தேன். எந்த அலமாரியில் என்ன இருக்கும், எந்த மேனேஜரிடம் எதைக் கேட்கக் கூடாது, எல்லாம். இதை மட்டும் சொல்லவில்லை. மறதி இல்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. அதனால்தான் ஒவ்வொரு மாடலிலும் வெட்டு அவன் தலையிலேயே விழுந்தது, நானும் ஒவ்வொரு தடவையும் சும்மா வேடிக்கை பார்த்தேன்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது.

"நல்லவேளை அண்ணா, சொல்லாம விட்டீங்க. சொல்லியிருந்தா நானும் கூட்டித்தான் எழுதியிருப்பேன்."

குத்திக்காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். பாவி, நிஜமாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.