ஓரகத்தி மேல் இளவரசி போட்ட வழக்கு

கம்பெனி வேலை போன மறுநாள் காலையிலிருந்து செல்லிப்பட்டு இளவரசியின் பாதங்கள் தரையில் படவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றாள், நடந்தாள், அங்கிருந்தே குனிந்து வாசலில் கோலமும் போட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது முள் அசையவில்லை. ரத்தசோகை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

வேலையைக் கெடுத்தவள் அவளுடைய ஓரகத்தி ஜெயசித்ரா. மூத்த மருமகளான இவள் கரும்புக் கழனியில் பாடுபட்டு வந்து சமைப்பாள். இளையவள் இளவரசி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனிக்குப் போவாள். அவளுக்காகக் கம்பெனி பஸ் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். மாமனார் சாமிக்கண்ணு குழம்பில் பெரிய மீன் துண்டை அவளுக்கு எடுத்துவைக்கச் சொல்வார். அதையெல்லாம் விழுங்கிக்கொண்ட ஜெயசித்ராவுக்கு, புருஷன் மணிவண்ணன் ஒருநாள் "இளவரசியப் பாத்தாவது கத்துக்கடி" என்றதை மட்டும் விழுங்க முடியவில்லை. அவன் போனிலிருந்தே மேனேஜரைக் கூப்பிட்டு, இளவரசி டிபன் டப்பாவில் சோப்பு கடத்துகிறாள், வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது என்று சொன்னாள். கம்பெனி விசாரிக்கவில்லை. அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டது.

நியாயப்படி ஜெயசித்ராவின் வயிற்றெரிச்சல் அதோடு அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. மழைக்காலத்தில் சங்கராபரணி ஆறு கரைபுரண்டபோது இளவரசி மட்டும் புடவை நனையாமல் அக்கரை போய் ஊருக்கு மருந்து வாங்கிவந்தாள். சேற்று வரப்பில் போய்வந்தாலும் அவள் பாதம் பிறந்த குழந்தையின் பாதம்போல இருந்தது. ஜெயசித்ரா தன்னுடைய வெடித்த குதிகாலைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

இளவரசி மேனேஜரிடம் போய் நின்று கேட்க, அவர் போன் வந்த நம்பரைக் காட்டினார். மச்சான் மணிவண்ணனின் நம்பர், ஆனால் பேசியது பெண்குரல் என்றார். அவள் வீட்டில் சண்டை போடவில்லை, புதுச்சேரி கோர்ட்டில் வழக்குப் போட்டாள். வழக்கு நடந்த வருஷங்களில் இருவரும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். நிறுத்தியது கம்பெனி, தன் கட்சிக்காரர் அல்ல என்றார் ஜெயசித்ராவின் வக்கீல். ஆற்றையே தாண்டுகிறவருக்கு நஷ்டம் எங்கே வந்தது என்றும் கேட்டார். மிதப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை என்று ஜட்ஜ் அதை ஒதுக்கினார். அடுத்தவர் வேலை ஒப்பந்தத்தைத் தெரிந்தே பொய் சொல்லி முறிக்கவைத்தவர்தான் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. இளவரசி இழந்த சம்பளத்தைக் கட்ட ஜெயசித்ரா தாலிச்செயினை அடகு வைத்தாள். கம்பெனியும் இளவரசியைத் திரும்பக் கூப்பிட்டது.

தீர்ப்பு நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள். இளவரசி சீட்டுக்கு மேலே, கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். வில்லியனூர் தாண்டியதும் ஜெயசித்ரா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மேல இருக்கறது எப்படிடி இருக்குது?"

"கால் வெக்க எடமே இல்லாத மாரி இருக்குதுக்கா."



வேலை கிடைத்தும் இளவரசி கீழே இறங்கவில்லை. விதிப்படி எல்லோருக்கும் ஷூ கட்டாயம் என்று கம்பெனி கொடுத்தது; மாட்டிக்கொண்டு மிதந்தபடியே சோப்பு பேக் பண்ணினாள். ஆடி மாதக் காற்று அவளைக் கரும்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். பஸ் வருகிற நேரத்தில் வீட்டில் வேறு ஆள் இருக்காது. அதனால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துப் படியில் ஏற்றிவிடுவது ஜெயசித்ராவின் வேலையாயிற்று. பஸ் கிளம்பும்போது அவளுக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் பிடியை ஒருநாளும் தளர்த்தியதில்லை.